வேலை, உடம்பு, வீடு: எங்கே உதைக்கிறது? அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

இது சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அமெரிக்காவுக்கு வேலை பார்க்கிறவர்களுக்கானது. ஆஃபர் லெட்டரில் ஜெனரல் ஷிஃப்ட் என்றுதான் இருக்கும். காலை பத்து மணிக்கு லாகின். ஆனால் கிளையன்ட் எழுந்து குளித்து முதல் மீட்டிங்குக்கு வரும்போது நமக்கு மாலை ஆறரை. பெயருக்கு ஒரு ஷிஃப்ட், நடப்பது ஒன்றரை ஷிஃப்ட். முழு நைட் ஷிஃப்ட்காரர்களின் பிரச்சினை வேறு. அவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

சப்போர்ட் வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். "அப்ளிகேஷன் சரியில்லை" என்று ஒரு டிக்கெட் (புகார்ப் பதிவு) வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்த ஸ்கிரீன், எத்தனை மணிக்கு, நேற்று வரை நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டும். "எனக்கு ஒர்க் லைஃப் பேலன்ஸே இல்லை" என்பதும் அப்படி ஒரு டிக்கெட்தான். அதனால் இங்கே பேலன்ஸ் என்ற தலைப்பே கிடையாது. உங்களுக்கு எது தொந்தரவு தருகிறதோ அந்த அறிகுறிக்கு நேராகப் போங்கள்.

தொடங்கும் முன்

ஒரு வாரத்துக்கு நான்கு நேரங்களை மட்டும் குறித்து வையுங்கள்: கடைசியாக டீ, காபி குடித்தது, கடைசி கால் (ஆன்லைன் மீட்டிங்) முடிந்தது, படுத்தது, எழுந்தது. இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திங்கட்கிழமை முதல் ஜிம், கீரை, தியானம், எட்டு மணி நேரத் தூக்கம் என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்றும் தெரியாது, எது முதலில் நின்றது என்றும் தெரியாது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகமோ கையோ ஒரு பக்கம் இழுப்பது, பேச்சு குழறுவது எல்லாம் இந்த வழிமுறைக்குள் வராது. உடனே 108. உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ், எண் 14416. இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அறிகுறி: கால் முடிந்து படுத்தால் தூக்கம் வரவில்லை

அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். மற்ற அறிகுறிகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் காபி. கஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஏழு மணி காலுக்கு முன்னால் தெம்புக்குக் குடித்த ஃபில்டர் காபியில் பாதி நள்ளிரவிலும் உள்ளேதான் இருக்கிறது. "எனக்கு காபி குடிச்சாதான் தூக்கமே வரும்" என்கிறவர்களிடம் வாதாட முடியாது. ஒரு வாரம் நான்கு மணிக்கு மேல் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். கையில் சூடாக ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால் காபித்தூள் போடாத சுக்குமல்லி. கடையில் கேட்டு வாங்குங்கள், சில இடங்களில் தூள் சேர்ப்பார்கள்.

அடுத்து சாப்பாடு. கால் முடிந்து பத்தரைக்கு பரோட்டா சாப்பிட்டுப் பதினொன்றுக்குப் படுத்தால் வயிறு அப்போதுதான் வேலையை ஆரம்பிக்கும். ஏழு, ஏழரைக்குள் சாப்பிட்டுவிடுங்கள். இரண்டு காலுக்கு நடுவில் இடைவெளி இல்லையென்றால், நீங்கள் பேச வேண்டியிராத காலில் கேமராவையும் மைக்கையும் அணைத்துவிட்டுச் சாப்பிடுவதில் தப்பே இல்லை. அமெரிக்காக்காரர் அவருடைய மதிய சாண்ட்விச்சை நம் எதிரில்தான் சாப்பிடுகிறார்.

மூன்றாவது, மண்டைக்குள் ஓடும் ரீப்ளே. பிரச்சினை மேலிடம் வரை போன எஸ்கலேஷன் காலில் ஒருவர் குரலை உயர்த்தியிருப்பார். நாம் அப்போது சொல்லாமல் விட்ட பதில் படுத்த பிறகு அழகாக வரும். லேப்டாப்பை மூடுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எது பாக்கி, யாரிடம் கேட்க வேண்டும், நாளை முதல் வேலை என்ன என்று மூன்று வரி எழுதிவிட்டு மூடுங்கள். மெயில் எழுதியே ஆக வேண்டும் என்றால் எழுதுங்கள், ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்குப் போகும்படி ஷெட்யூல் செய்யுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு அனுப்பினால் பதினொன்று பத்துக்குப் பதில் வரும். அங்கே அது பகல்.

நான்காவது, எழும் நேரம். வார நாளில் ஆறரை, ஞாயிறு பத்தரை என்று இருந்தால் ஞாயிறு இரவு தூக்கம் வராது. திங்கள் முழுக்கப் பாழ். விடுமுறையிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். எழுந்ததும் மொட்டை மாடியிலோ வாசலிலோ பத்துப் பதினைந்து நிமிடம் வெயில் படட்டும். உடம்புக் கடிகாரத்தைச் சரி செய்வதில் காலை வெளிச்சத்துக்கு நிகராக மாத்திரை கிடையாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பகலில் தூங்கி விழுகிறீர்கள், வீட்டில் குறட்டைச் சத்தம் தாங்கவில்லை, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்கிறார்கள் என்றால் டாக்டரிடம் போய் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறதா என்று பாருங்கள். இது ஒழுக்கத்தால் சரியாகிற விஷயம் இல்லை.

இன்னொன்று வெறும் கணக்கு. கால் முடிவது பதினொன்று, படுப்பது பன்னிரண்டு, குழந்தையின் ஸ்கூல் வேனுக்காக எழுவது ஐந்தரை. ஐந்தரை மணி நேரம்தான் இருக்கிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். இந்த இடத்தில் லாவெண்டர் எண்ணெயும் மூச்சுப் பயிற்சியும் ஒன்றும் செய்யாது. ஒன்று, கால் முன்னே வர வேண்டும். இல்லை, காலை வேலையை வேறொருவர் எடுக்க வேண்டும்.

அறிகுறி: வருஷம் முழுக்க ஓடுகிறது, நவம்பர் வந்தால் மட்டும் மோசமாகிறது

இதை மழைக்காலத்தின் மேல் போடுவார்கள். காரணம் பெரும்பாலும் கடிகாரம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுக்கிறார்கள். நமக்கும் நியூயார்க்குக்கும் ஒன்பதரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் அன்றோடு பத்தரை ஆகிவிடும். எட்டு மணிக்கு முடிந்த கால் ஒன்பதுக்கு முடியும். கிளையன்ட் கலிபோர்னியாவில் என்றால் கேட்கவே வேண்டாம்: அவர்களுடைய காலை 9 மணி கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. மார்ச் வரை நான்கு மாதம் இப்படியேதான். (ஃபீனிக்ஸில் கிளையன்ட் உள்ளவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அரிசோனாவில் பெரும்பாலும் கடிகாரத்தைத் தொடுவதில்லை.)

சோதிக்க வேண்டியது, அந்தத் தொடர் மீட்டிங்கின் இன்வைட்டை யார் போட்டார்கள் என்பதை. நியூயார்க்கில் இருப்பவர் தன் நேரப்படி போட்டிருந்தால் அவருக்கு வருஷம் முழுக்க காலை 9, நமக்குத்தான் 6.30 என்பது 7.30 ஆகும். சென்னையில் இருப்பவர் இந்திய நேரப்படி போட்டிருந்தால் நமக்கு 6.30 அசையாது, அவர்களுக்கு 9 என்பது 8 ஆகிவிடும். இரண்டாவது வகையில் கடிகாரம் மாறிய மறுநாள் திங்களன்று அங்கிருந்து ஒரு முணுமுணுப்பு வரும். நம் ஆள் யாராவது நல்ல பிள்ளையாக அதை 7.30க்கு நகர்த்திவிடுவார். யாரும் கேட்காமலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே பேசுங்கள். குளிர்காலத்துக்குத் தனியாக ஒரு இன்வைட், அவர்களுக்கு காலை 8.30, நமக்கு மாலை 7. ஆளுக்கு அரை மணி நேரம் விட்டுக்கொடுத்த கணக்கு. இப்படிக் கேட்டால் அதிகம் மறுக்க மாட்டார்கள். இந்தியாவில் கடிகாரம் மாறாது என்பதே பல பேருக்குத் தெரியாது. லண்டனும் சேர்ந்த கால் என்றால் அங்கே அக்டோபர் கடைசி ஞாயிறே மாறிவிடும். நடுவில் வரும் ஒரு வாரம் குழப்பமாகத்தான் இருக்கும், பொறுத்துப் போக வேண்டியதுதான்.

அறிகுறி: மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது

சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் மந்தம் எல்லோருக்கும் உண்டு, உடம்பின் தினசரி ஓட்டமே அப்படி. அளவுக்கு மீறினால் முதலில் மேலே உள்ள தூக்கக் கணக்கைப் பாருங்கள். அது சரி என்றால் தட்டைப் பாருங்கள்: சாதம் குவியல், பொரியல் ஓரத்தில் ஒரு ஸ்பூன். பொரியல், சுண்டல், முட்டை இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு சாதத்துக்கு வாருங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை இந்த நடை குறைக்கிறது. அப்படியும் சொருகினால், கூடவே தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள், 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் உள்ளே வந்துவிட்டீர்கள். "எனக்கு முப்பத்திரண்டு வயசுதான்" என்பது நம் ஊரில் ஒரு சமாதானமே இல்லை.

அறிகுறி: கழுத்து, முதுகு வலி

லேப்டாப்பைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஸ்கிரீன் கண் மட்டத்துக்கு வரும் வரை அடியில் புத்தகங்களை அடுக்குங்கள், தனி கீபோர்டு ஒன்று வாங்குங்கள். ஸ்கிரீன் பார்க்கத் தேவையில்லாத கால்களை மாடியில் நடந்துகொண்டே பேசுங்கள். கை மரத்துப் போனாலோ வலி காலுக்கு இறங்கினாலோ டாக்டர்.

அறிகுறி: வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் வீட்டில் இல்லை

அம்மா அறை வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே வரவில்லை. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து "மீட்டிங்கா?" என்கிறார். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உண்மையில் மீட்டிங் இல்லை, மெசேஜ்தான் ஒன்று வந்திருக்கிறது. தோசையை டேபிளில் வைத்து மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகிறார். அரை மணி கழித்து வந்து, "ஆறிப்போச்சே தம்பி, வேற ஊத்தித் தரட்டுமா?" என்று கேட்கிறார்.

இங்கே பழுது நேரம் குறைவு என்பதில்லை. எப்போது நீங்கள் கிடைப்பீர்கள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது, அதுதான். எந்நேரமும் மீட்டிங்கில் இருப்பது மாதிரியே முகத்தை வைத்திருந்தால் அவர்கள் எந்நேரமும் தயங்குவார்கள். அன்றைய கால் நேரங்களை ஃபிரிட்ஜ் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். "7 முதல் 8 மீட்டிங், 8 முதல் 9 இல்லை." இல்லை என்று எழுதிய நேரத்தில் உண்மையிலேயே இருக்கக்கூடாது. போன் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். ஆன்கால் வாரமா, அதாவது எந்நேரம் போன் வந்தாலும் எடுக்க வேண்டிய முறை உங்களுடையதா? அதையும் தாளில் எழுதுங்கள். அந்த வாரம் போன் பக்கத்தில் இருக்கும் என்று தெரிந்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மற்ற மூன்று வாரமும் அப்படியே இருப்பதுதான் கோபம்.

அறிகுறி: எனக்கு மட்டும் நேரமே இல்லை, அவருக்கு இருக்கிறது

இதைப் பெரும்பாலும் பெண்கள்தான் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மத்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் பெரும்பாலானோர் அதில் ஈடுபடுவதே இல்லை என்பது தனிக் கதை.

"அவர் ஹெல்ப் பண்றாருங்க" என்ற பதில் வரும். சரி, சோதனை இதோ. கேஸ் தீரப்போகிறது என்று யாருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது? பேரண்ட்ஸ் மீட்டிங் தேதி யார் மண்டையில் இருக்கிறது? மாமியாரின் பிரஷர் மாத்திரை எத்தனை பாக்கி? இட்லி மாவு நாளைக்கு வருமா? நான்குக்கும் பதில் ஒரே ஆள் என்றால், அவர் ஆபீஸிலும் வேலை பார்த்துவிட்டு வீட்டிலும் மேனேஜராக இருக்கிறார். காய் நறுக்கிக் கொடுப்பது அதற்கு மருந்து இல்லை.

வேலையைப் பிரிக்காதீர்கள், பொறுப்பைப் பிரியுங்கள். ஸ்கூல் சம்பந்தப்பட்டது முழுக்க ஒருவர்: ஃபீஸ், வேன், யூனிஃபார்ம், வாட்ஸாப் குரூப் உட்பட. மருந்து மாத்திரை முழுக்க இன்னொருவர். கொடுத்தபின் அவர் செய்யும் விதத்தில் தலையிடாமல் இருப்பதும் இதில் சேர்த்தி. முதல் மாதம் ஒருநாள் பிள்ளை தப்பான யூனிஃபார்மில் போகும், போகட்டும். "ஏங்க, நாளைக்கு வெள்ளை டிரஸ்" என்று நீங்கள் ஞாபகப்படுத்திய நிமிடமே அந்தப் பொறுப்பு உங்களிடம் திரும்பி வந்துவிட்டது.

அறிகுறி: ஜிம்முக்குப் பணம் கட்டினேன், போவதில்லை

உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. நாளைக்கு இருபத்திரண்டு நிமிடம்கூட முழுதாக ஆகாது. ஜிம் ஏழு மணிக்கு, உங்கள் கால் ஏழு மணிக்கு. இதில் மன உறுதி எங்கே வந்தது? காலை வெயிலில் நடக்கிறீர்கள் என்றால் தூக்கத்துக்குச் சொன்னதும் இதுவும் ஒரே வேலையில் முடிந்தது. கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள்.

அறிகுறி: ஞாயிறு சாயங்காலம் வயிற்றைப் பிசைகிறது

திங்கட்கிழமையில் எது என்று கண்டுபிடியுங்கள். "வேலை" என்று சொல்லக்கூடாது, மணி சொல்ல வேண்டும். பதினொன்றரை ஸ்டேட்டஸ் மீட்டிங், அதில் காட்ட வேண்டிய ஷீட் இன்னும் தயாராகவில்லை என்றால், வெள்ளிக்கிழமை மாலை இருபது நிமிடம் ஒதுக்கி அதை முடித்துவிட்டுப் போங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

மணிக்குப் பதில் ஒரு ஆளின் பெயர் வருகிறது, எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டுகிறார் என்றால் இது வேறு வகை. இதற்கு யோகா சொல்கிறவர்கள் உங்களை அந்த நாற்காலியிலேயே இன்னும் கொஞ்ச நாள் உட்கார வைக்கிறார்கள், அவ்வளவுதான். நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், பிராஜெக்ட் மாற்றம் கேளுங்கள்.

அறிகுறி: லீவ் எடுத்தும் சோர்வு போகவில்லை

முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, வைட்டமின் டி. நாள் முழுக்க ஏசிக்குள் இருக்கிறவர்களுக்கு வைட்டமின் டியும், சுத்த சைவக்காரர்களுக்கு பி12உம் குறைந்திருப்பது சகஜம். இது தெரியாமல் "மோட்டிவேஷன் போய்விட்டது" என்று திரிகிறவர்கள் நிறைய.

ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் ஒரு கேள்வி. ஊருக்குப் போயிருந்தபோது உங்களுக்குப் பிடித்தவை பிடித்தனவா? கிரிக்கெட்டோ, கோயிலோ, அத்தை வீட்டு மீன் குழம்போ. பிடித்தது, ஆனால் லாகின் செய்ததும் வெறுமை வருகிறது என்றால் அது பர்ன்அவுட் பக்கம். உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியிருக்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலை மீது கசப்பு, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளம். வேலை சார்ந்தது என்பதால் மாற்ற வேண்டியதும் வேலையில்தான் இருக்கிறது. ஊரிலும் எதுவும் பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்கு (டிப்ரெஷன்) நல்ல சிகிச்சை இருக்கிறது.

அறிகுறி: எல்லாம் செய்து பார்த்தாயிற்று, எதுவும் நிற்கவில்லை

மணி நேரத்தைக் கூட்டுங்கள். சாப்பாட்டு நேரம் போக ஒன்பது மணி நேரம், ஐந்து நாளுக்கு 45. ராத்திரி கால் இரண்டு மணி நேரம், ஐந்து நாளுக்கு 10. ஆக 55. அந்த எண்ணை நினைவில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று வந்தது. இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். ஒப்பிட்டது வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு. நாம் சாதாரண வாரம் என்று நினைப்பது அந்தக் கோட்டில்தான் நிற்கிறது, சனிக்கிழமை டிப்ளாய்மென்ட்டை (புது வெர்ஷனை ஏற்றும் வேலையை) சேர்க்காமலே.

மேனேஜரிடம் போகும்போது "பேலன்ஸ் இல்லை" என்று போகாதீர்கள். அவருக்கும் இல்லை, அதைச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரு வார நேரக் குறிப்பை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு மாற்றத்தைக் கேளுங்கள். "செவ்வாயும் வியாழனும் ராத்திரி ஒன்பதரை மீட்டிங்கை நானும் இன்னொருத்தரும் மாத்தி மாத்தி எடுத்துக்கறோம், ஹேண்ட்ஓவர் நோட் எழுதிடறோம். ஒரு மாசம் பார்க்கலாமா?" அல்லது, "ராத்திரி கால் இருக்கிற நாள்ல காலைல பதினொன்றரைக்கு லாகின் பண்றேன்." இரண்டுமே கம்பெனிக்குக் காசு செலவில்லாதவை. பேசி முடித்ததும் அதையே இரண்டு வரி மெயிலாகப் போட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் விட்டு இரண்டாவது முறையும் கேட்டு, இரண்டு முறையும் மறுத்தால், இனி உங்கள் பக்கம் சரி செய்ய ஒன்றும் பாக்கியில்லை. நோட்டீஸ் பீரியட் 60 நாளா 90 நாளா, வாங்கிய போனஸைத் திருப்பித் தர வேண்டுமா, அப்பா அம்மாவின் இன்ஷூரன்ஸ் என்றைக்கு நிற்கும், வீட்டுக் கடனுக்கு எத்தனை மாதத் தவணை கையில் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு ரெஸ்யூமைப் புதுப்பியுங்கள். புது இடத்து இன்டர்வியூவில் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது: கிளையன்ட் எந்த ஊர், தினசரி கால் இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு, நவம்பரில் எத்தனை மணிக்கு.